தூணில் இடிக்காத கார்

கோச்சடையில் பால்பாண்டி வீட்டுக்கு முதல்முறையாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "கேட்டுத் தூணுக்கு என்னாச்சு?" இடதுபக்கத் தூணில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து உள்ளே செங்கல் தெரியும். பால்பாண்டி சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்டம்மா கார் ஓட்டுன லெட்சணம்" என்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அவருடைய மனைவி முத்துச்செல்வி அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

எனக்கு வயிறு எரியும். அந்தக் கார் அந்தத் தூணில் இடிக்கவே இல்லை. வாயால் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அன்னக்கொடி. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் செல்விக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்கு ரிட்டையர் ஆகும் வயது, அவள் என்னைவிட இளையவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கதிர் அறுத்துப் பிழைத்தவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் செல்வி. பரீட்சை எழுதி வேலைக்கு வந்து, கல்யாணம் முடித்து, மகன் விக்ரமைப் படிக்க வைத்து பெங்களூருக்கு அனுப்பியது வரைக்கும் எல்லாவற்றிலும் அவள் கை இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டில் அவள் குரல் வெளியே வந்து நான் கேட்டதில்லை. மூச்சு விடுவதற்குக்கூட அனுமதி கேட்கிற பிறவி.

அவளுக்கு முதுகுத்தண்டில் தேய்மானம். டாக்டர் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திரிப்பாள். பால்பாண்டிக்கு டைல்ஸ், சிமெண்ட் விற்கிற கடை. "காலையில எனக்குக் கடை தொறக்கணும், ஒன்னையக் கொண்டுபோய் விட்டுட்டு இருக்க முடியுமா?" என்பார். கடைசியில் இவளே சேமநல நிதியில் கடன் போட்டு, ஏற்கெனவே ஓடிய வெள்ளி நிறக் கார் ஒன்றைத் தன் பெயரில் வாங்கினாள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். "இந்த வயசுல ஒனக்கு எதுக்கு இந்தக் கூத்து?" என்று வீட்டில் கேட்டதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார்களாம். ஒரே தடவையில் எடுத்துக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு அலுவலகத்துக்கே அல்வா வாங்கிக் கொடுத்தாள்.

என் வீடு விளாங்குடியில். எனக்காகவே ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சுற்றி வந்து என்னை ஏற்றிக்கொண்டு, செல்லூர் வழியாக அலுவலகம் போவாள். மெதுவாகத்தான் ஓட்டுவாள். "ஏண்டி, நான் எறங்கி நடந்தாக்கூட ஒனக்கு முன்னாடி போயிருவேன்" என்று கேலி செய்வேன். "நடங்க, யாரு வேணாம்னா?" என்பாள். வீட்டில் பேசாததை எல்லாம் அந்தக் காருக்குள் பேசுவாள். ஒரு சனிக்கிழமை எந்த வேலையும் இல்லாமல் வாடிப்பட்டி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். "இம்புட்டு நாளு இதெல்லாம் ஆம்பளைக மட்டும்தான் செஞ்சிருக்காங்கக்கா, பாத்தீகளா?" என்றாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

தை மாதத்தில் அந்தச் சனியன் வந்து சேர்ந்தது. விளாங்குடி மெயின் ரோட்டில் நான் வழக்கமாக ஏறுகிற இடத்தில், ஓரமாக, இண்டிகேட்டர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தியிருந்தாள். நான் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன், ஒரு கால் தரையில். எதிரே இருந்த டீக்கடை வாசலிலிருந்து ஒரு பெரிய வண்டி ரிவர்ஸிலேயே எங்களைப் பார்த்து வந்தது. ஓட்டுகிறவர் காதில் செல்போன். "ஏய், ஏய், நிப்பாட்டுய்யா!" என்று கத்தினேன். காதில் விழுந்தால்தானே? டமார் என்று எங்கள் காரின் பின்பக்கத்தில் வந்து மோதினார். ஆளுக்கு அடியில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோன சாம்பார் மொத்தமும் சேலையில் கொட்டியதோடு சரி. பம்பர் கிழிந்து தொங்கியது, பின்லைட் நொறுங்கியது, டிக்கி கதவு உள்ளே போய்விட்டது.

இறங்கி வந்த மனிதருக்குப் பெயர் சோணை. செங்கல் சூளை வைத்திருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "நடுரோட்டுல நிப்பாட்டுனா எப்படி?" என்று எங்களிடமே எகிறினார். டீக்கடைக்காரரே சும்மா இருக்க முடியாமல், "அண்ணே, அந்தம்மா ஓரமாத்தான் நின்னுச்சு. நம்ம கடை கேமராவுலயே இருக்கும்" என்றார். அதோடு சோணை வாயை மூடினார். செல்வி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

பால்பாண்டி பைக்கில் வந்து இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "எவன்டா அது? கண்ணு தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா வண்டி?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். சோணை கலங்கவே இல்லை. "அண்ணே, கோவப்படாதீங்க. ஒங்களுக்கு எந்த ஊரு?" என்றார்.

எங்கள் பக்கம் பாழாய்ப் போவதே இந்தக் கேள்வியால்தான். ரத்தம் சொட்டச் சொட்ட நின்றாலும் எந்த ஊர் என்று கேட்டுவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பால்பாண்டி சொன்னார். "எந்தச் சாமி கும்புடுறீக?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதையும் சொன்னார். "அட, நம்ம கோயிலு! யாரு வகையறா?" நான் சேலையில் சாம்பாரைத் துடைத்து முடிப்பதற்குள் இருவரும் பங்காளிகளாகிவிட்டார்கள். ஒரே குலசாமி, நாலு தலைமுறைக்கு முன்னால் ஒரே வீடு. தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குள் போனார்கள். "செல்வி, ஒனக்கு டீ சொல்லவா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அவள் குனிந்து, உடைந்த லைட்டின் சிவப்புச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். அலுவலகம் முடிந்து செல்வியோடு நானும் அங்கே போனேன். பால்பாண்டி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஒர்க்‌ஷாப் நடத்துகிற இம்மானுவேல் நல்ல மனிதர், நெளிவு சுளிவு தெரிந்தவர். அவர் பொறுமையாகச் சொன்னார். "இடிச்ச வண்டிக்காரர் மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து, அவரு இன்சூரன்ஸ்ல கேட்டா கோர்ட்டு வரைக்கும் போகும், இழுக்கும். ஒங்க இன்சூரன்ஸ்லயே கேட்டுரலாம். ஆனா இன்னொரு வண்டி இடிச்சதுன்னு சொன்னா அது நம்பரக் கேப்பாக, போலீஸ்ல எழுதிக் குடுத்தீகளாம்பாக."

"போலீஸ் பேச்சே வேணாம்" என்றார் பால்பாண்டி. "மாசிச் சிவராத்திரி வருது. பங்காளி மேல கேஸ் குடுத்தவன்கிட்ட எங்க கோயில்ல வரி வாங்க மாட்டாக. வரி குடுக்காதவன் பொங்கல் வைக்க முடியாது. தலைமுறையா வைக்கிறோம், இதுக்காக விட முடியுமா?"

"அப்ப எவனோ இடிச்சிட்டு ஓடிட்டான்னு எழுதலாமா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கும் ஸ்டேஷன்தான் யக்கா. டீக்கடையில வேற கேமரா இருக்குங்கிறீக" என்றார் இம்மானுவேல். "எல்லாரும் செய்யிறதச் சொல்றேன். வீட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டுத் தூண்ல இடிச்சிருச்சுன்னு எழுதிட்டா ஒரு கேள்வியும் கெடையாது." பிறகு பால்பாண்டியைப் பார்த்து, "அண்ணே, நீங்க ஓட்டுனதா எழுதிரவா?" என்றார்.

பால்பாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா பேசுற? இருபது வருசமா லோடு வண்டி ஓட்டுனவன் நானு. தூண்ல இடிச்சேன்னு எழுதுனா நாளைக்கி எவன் மதிப்பான்? ஓட்டுனது அவதான. அவ பேரையே எழுது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஏன் தம்பி, ஒங்க பேருன்னா பேரு, அவ பேருன்னா என்ன குப்பையா? நின்ன வண்டியில வந்து இடிச்சவன் டீ குடிச்சிட்டுப் போயிட்டான். இவ எதுக்குப் பழியச் சொமக்கணும்?" என்றேன்.

"யக்கா, இது பேப்பருக்குத்தான். ஊருக்கா சொல்லப் போறோம்? நீங்க சும்மா இருங்க" என்றார்.

செல்வி கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நான் விலகி உட்கார்ந்தேன். அவளேதான் என் கையைப் பிடித்தாள். "கோவப்படாதீகக்கா. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா போதாதா? பேப்பர்ல என்னமும் இருந்துட்டுப் போகுது. எனக்கு வண்டி வந்தாப் போதும்" என்றாள். "நல்லா இருப்ப போ" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டேன்.

இன்சூரன்சிலிருந்து சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து பார்த்தார். தன்மையான பிள்ளை. "எப்படிம்மா இடிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். "ரிவர்ஸ் எடுத்தேன் சார், தூணு தெரியல" என்று ஒப்பித்ததாகச் செல்வி என்னிடம் சொன்னாள். அந்தப் பிள்ளை போகும்போது, "அந்தத் தூணை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டார். அங்கேதான் சிக்கல். தூண் பெயிண்டுகூட உரியாமல் புதுசாக நின்றது.

பால்பாண்டி கடையிலிருந்து சுத்தியல் கொண்டுவந்தார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். பம்பர் உயரத்தைக் கையால் அளந்து வைத்துக்கொண்டு தூணை உடைத்திருக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பம்பர் துண்டை வாங்கிவந்து, வெள்ளிப் பெயிண்ட் ஒட்டுகிற மாதிரி அதன்மேல் தேய்த்திருக்கிறார். போட்டோவில் அடி பத்தாது போலத் தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் பெயர்த்தார். "தத்ரூபமா இருக்குல்ல?" என்று அவளிடமே கேட்டாராம். அவளும் இருக்கு என்றாளாம். இந்தப் பொம்பளையை என்ன செய்வது?

கிளைம் பாஸாகி வண்டி வந்தது. பிளாஸ்டிக் சாமானுக்கெல்லாம் பாதிதான் கொடுப்போம் என்றார்கள், மீதியை இவள் கையிலிருந்து கட்டினாள். விபத்து இல்லாமல் ஓட்டியதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடியும் அடுத்த வருடத்துக்குப் போச்சு. சோணையிடம் கேளுங்கள் என்று நான் சொன்னதற்கு, "அதான் இன்சூரன்ஸ்ல வந்துருச்சுல்ல, அப்புறம் பங்காளிகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்றார் பால்பாண்டி.

தூண் மட்டும் அப்படியே நின்றது. எதிர்வீட்டுக்காரர் கேட்டார், என்னாச்சு என்று. நானே சுத்தியலால் உடைத்தேன் என்று பால்பாண்டி சொல்ல முடியுமா? பேப்பரில் இருந்ததைச் சொன்னார். அதுவரை அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் தண்ணீர் கேன் போடுகிறவர், கடைக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் கதைக்குக் கை கால் முளைத்தது. "கியரு மாத்திப் போட்டுட்டா" என்று ஒரு நாள். "நான் கேட்டுக்கிட்ட நின்னு கத்துறேன், கத்துறேன், காதுலயே வாங்கல" என்று இன்னொரு நாள். கடை நிறையச் சிமெண்டும் மணலும் வைத்திருக்கிற மனிதர், அந்த ஓட்டையைப் பூச மாட்டேன் என்றார். "அது அப்படியே இருக்கட்டும். அதப் பாத்தாத்தான் இவளுக்குப் பயம் இருக்கும்."

சிவராத்திரிக்கு விக்ரம் வந்தான். கோயிலுக்குப் போகும்போது காரைப் பால்பாண்டி ஓட்டினார், மகன் முன்னால், செல்வி பொங்கப் பானையோடு பின்னால். விக்ரம் திரும்பி, "அம்மா, அப்பா எல்லாம் சொன்னாரு. இனிமே நீ வண்டிய எடுக்காத. ஆபீசுக்கு ஆட்டோவுலயோ பஸ்ஸுலயோ போயிக்க" என்றான்.

"நான் இடிக்கலடா" என்றாள்.

"இடிக்காமத்தான் எழுதிக் குடுத்தியா?"

அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தாள். பால்பாண்டி சொல்லட்டும் என்று காத்திருந்தாள். இதையெல்லாம் அவள்தான் பிறகு என்னிடம் சொன்னாள். கோயில் வரைக்கும் அந்த மனிதர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தார். கோயிலில் சோணை புதுத்துண்டு போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். "என்ன மதினி, தூணையே பேத்துட்டீகளாம்ல! பாத்து ஓட்ட வேணாமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். இடித்தவர் வாயே இதைச் சொன்னது.

அன்றிலிருந்து சாவி பால்பாண்டியின் சட்டைப் பையில். செல்வி மறுபடி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஃபைல் பார்ப்பாள். வாடிப்பட்டி டீயைப் பற்றி நான் எடுத்தால் பேச்சை மாற்றுவாள். "கேட்டு வாங்குடி, ஒன் காசு, ஒன் வண்டி" என்று திட்டித் தீர்த்தேன். "வீட்டுல சண்டை வேணாம்க்கா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன். "யக்கா, கொஞ்சம் வாங்க. வண்டிய விக்கிறாக. கையெழுத்துப் போடச் சொல்றாக" என்றாள். பஸ் பிடித்துப் போனேன். வாங்க வந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் சோணையேதான். அவருடைய பெரிய வண்டி தெருவைப் பாதி அடைத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரே நின்றது. காரைச் சுற்றி வந்து, டிக்கியைத் தடவிப் பார்த்து, "அடிபட்ட வண்டிதான பங்காளி, அதுக்குத் தக்கனப் பாத்துச் சொல்லுங்க. மருமகப் பிள்ள கார் பழகணும்ங்குது. பழகுற பிள்ளைக்கு இந்த மாதிரி அடிபட்ட வண்டிதான் தோது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கப் பிறந்தவள் இல்லை. "அடிச்சவரே வந்து அடிபட்ட வண்டின்னு வெலையக் கொறைக்கிறீகளே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றேன்.

சோணை பால்பாண்டியைப் பார்த்தார். "யக்கா, வீட்டுக்கு வந்தவககிட்ட என்ன பேச்சு இது?" என்று பால்பாண்டி என்மேல் பாய்ந்தார்.

செல்வி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "சாவியக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அக்காவ விளாங்குடியில விட்டுட்டு வாரேன்."

"மொதல்ல கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

"போட மாட்டேன். எம் பேருல இருக்கிற வண்டி. நான் விக்கல. சாவியக் குடுங்க." குரல் உயரவே இல்லை. வெளியாள் முன்னால் அசிங்கமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, பால்பாண்டி பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

நான் முன் சீட்டில் ஏறினேன். பின்னால் இரண்டு தூண்களுக்கு நடுவே வழி, அதைத் தாண்டியதும் குறுக்கே சோணையின் வண்டி. செல்வி கண்ணாடியை ஒருதரம் சரிசெய்தாள். ரிவர்ஸ் போட்டு, உடைந்த தூணை ஒட்டி, உரசாமல், நிற்காமல் வெளியே எடுத்து, சோணையின் பம்பருக்குப் பக்கத்தில் வளைத்துத் தெருவில் நேராக நிறுத்தினாள். மாதக்கணக்கில் வண்டியைத் தொடாதவள்! கைதட்டலாம் போல இருந்தது. இப்போது என்ன சொல்வீர்கள் என்று ஆண்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது. பால்பாண்டி முகத்தில் கோபம்கூட இல்லை, பெருமையாக இருந்தது. "பாத்தீகளா பங்காளி? அன்னைக்கி அந்தத் தூண்ல இடிச்ச பெறகுதான் இவளுக்கு ரிவர்ஸே ஒழுங்கா வந்துச்சு" என்றார். சோணையும், "ஆமாமா, ஒருக்கா பட்டாத்தான் வரும்" என்று தலையை ஆட்டினார். கண் சிமிட்டலோ கள்ளச் சிரிப்போ எதுவும் இல்லை. சுத்தியல் பிடித்த அதே கையால் அந்தத் தூணைக் காட்டித்தான் சொன்னார்.

செல்விக்கும் கேட்டது. கியரை மாற்றி வண்டியை எடுத்தாள். நான் அந்த இரண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். ஆற்றுப் பாலத்தில் ஏறியபிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அவருக்கு நெசமாவே மறந்துபோச்சுக்கா" என்றாள்.